பாதியில் அணைத்த சூளை

சூளையின் வெப்ப மீட்டர் தொள்ளாயிரம் டிகிரியைத் தொட்ட நேரத்தில் துர்காதேவியின் செல்போன் அலறியது.

“அக்கா, லைன்மேன் நடராசன் பேசுறேன். புயலு ரூட்ட மாத்திடுச்சாம். ஆந்திராவுக்குப் போறேன்னு காலையில சொன்னது, இப்ப நம்ம கடலூர் பக்கம் பாக்குதாம். காத்து ஏறுச்சின்னா லைன ஆஃப் பண்ணச் சொல்லி ஆர்டரு. எப்ப பண்ணுவீங்கன்னு மட்டும் கேக்காதீங்க, எங்களுக்கே தெரியாது.”

போன் அடங்கியது. துர்கா ஷெட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். ஒரு துண்டு மேகம் இல்லை. விருத்தாசலம் பீங்கான் பேட்டையின் தகரக் கூரைகள் எல்லாம் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. கொடியில் போட்ட துணிகூட அசையவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் சூளை உறுமிக்கொண்டிருந்தது.

ஒரு மினி பஸ் உள்ளே நுழைந்து நிற்கலாம், அவ்வளவு பெரிய கேஸ் சூளை. பேட்டையின் ஆறு யூனிட்டுகளுக்கும் பொதுவானது. ஆறு யூனிட்டுகளும் கார்த்திகை தீபத்துக்காக வார்த்த அகல் விளக்குகள் அத்தனையும் இப்போது அதற்குள். நாளை மறுநாள் விடிகாலை லாரி வந்து நிற்கும். அதில் ஏறாத விளக்கு தீபத்துக்குள் கடை போய்ச் சேராது. அடுத்த கார்த்திகை வரை அட்டைப்பெட்டியில் தூங்க வேண்டியதுதான்.

துர்காவுக்கு அதற்குள் இன்னொன்றும் வெந்துகொண்டிருந்தது. சூளைச் சாவி, அதாவது சூளையை ஓட்டும் பொறுப்பு.

ஆயுதபூசை வரை அந்தச் சாவி கொளஞ்சியின் இடுப்பில் தொங்கியது. பேட்டையில் பெரிய யூனிட் அவருடையது. பெரிய மீசையும் அவருடையதுதான். அடுத்தடுத்து இரண்டு லோடு கெட்டதும், செராமிக் டிப்ளமோ படித்துவிட்டுச் சின்னதாக யூனிட் போட்டிருந்த துர்காவிடம் யூனிட்காரர்களின் சங்கம் சாவியைக் கொடுத்தது. கொடுக்கும்போதே ஒரு முடிச்சும் போட்டது. தீபம் லோடு நன்றாக வந்தால் சாவி அவளோடு. கெட்டால் திரும்பக் கொளஞ்சியிடம். பேட்டையில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்தச் சாவியைத் தொட்டதில்லை. கெட்டால் அதற்குப் பின்னும் தொடப்போவதில்லை.

“என்னா, போனு?” டீ கிளாசோடு கொளஞ்சி உள்ளே வந்தார். கூடவே அன்புக்கரசி. துர்காவின் பக்கத்து யூனிட்காரி. தோழி என்றாலும் முகத்துக்கு நேரே பேசுகிறவள்.

துர்கா சொன்னாள். கொளஞ்சி மீசையை நீவிக்கொண்டு சிரித்தார்.

“அந்தப் புயலோட பேரு நம்ம வாயிலயே நுழையல. அது ஊருக்குள்ள எங்கம்மா நுழையப் போவுது?”

“வராமயும் போவலாம் அண்ணே. வந்துச்சின்னா?”

“வந்தா சங்கத்து ஜெனரேட்டரு இருக்குது.”

“அதுவா? திருவிழாவுக்குக் குடுத்துட்டு வாங்குனதுலேர்ந்து இருமிக்கினு கெடக்குது. மூணு தடவ இழுத்தா ஒரு தடவ புடிக்குது.”

துர்கா நீண்ட இரும்புக் கம்பியை எடுத்தாள். சூளைச் சுவரிலிருந்த சின்னத் துளையின் அடைப்பை நீக்கி, கம்பியை உள்ளே விட்டு, கொக்கியில் ஒரு மண்வளையத்தை மாட்டி வெளியே இழுத்தாள். விளக்குகளுக்குப் பளபளப்பு தரும் அதே கிளேஸ் பூச்சு பூசிய வளையம். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் சாட்சி. சிவந்திருந்த வளையம் தரையில் ஆறியது. மேலே பூச்சு வெறும் மாவாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“இன்னும் உருகல” என்றாள்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. கிளேஸ் உருகத் தொடங்கும்வரை சூளையை அணைக்கலாம். மெதுவாக ஆறவிட்டு, மறுநாள் மறுபடி ஏற்றலாம். விளக்குக்கு ஒன்றும் ஆகாது. உருகத் தொடங்கிவிட்டால் கதை வேறு. அது பரவி, கொப்புளம் அடங்கி, கண்ணாடியாகத் தெளிய மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரத்துக்குள் கரண்ட் போனால் காற்று தள்ளும் புளோயர் நிற்கும். புளோயர் நின்றால் பர்னர் தானாக அணையும். பாதி உருகிய கிளேஸ் அப்படியே உறையும். அம்மைத் தழும்பு முகத்தோடு வெளியே வரும் விளக்கை யாரும் வாங்க மாட்டார்கள். மறுபடி சுட்டாலும் தேறாது.

மீட்டர் தொள்ளாயிரத்து இருபது.

“இப்பிடியே நிறுத்திப் புடிச்சா?” அன்புக்கரசி கேட்டாள்.

“கேஸ் தீந்துடும்க்கா. இருக்குறது ஒரு முழுச் சூட்டுக்கும் கொஞ்சத்துக்கும்தான். அணைச்சா நாளைக்கு ஏத்தலாம். இங்கியே நின்னா ரெண்டும் இல்ல.”

“அணைக்கிறதா!” கொளஞ்சியின் டீ சிந்தியது. “ஏம்மா, தெரிஞ்சிதான் பேசுறியா?”

சூளை வாசலில் மஞ்சள் பூசிய களிமண் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். ஏற்றும்போது பிடித்து வைப்பார்கள். சூடு முடிந்த பிறகுதான் எடுப்பார்கள். ஏற்றிய சூளையைப் பாதியில் அணைத்த கை, அந்த வருஷம் மறுபடி சூளை ஏற்றக் கூடாது. பேட்டையில் எழுதி வைக்காத சட்டம் அது. விறகுச் சூளைக் காலத்தில் பாதியில் அணைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பாழ். அந்தப் பயம் கேஸ் சூளைக்கும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன். நூத்துக்கு எண்பது, புயல் வராதுன்னே வச்சுக்குங்க. நான் அணைச்சி, அது வராமப் போனா நமக்கு என்னா நட்டம்? ஒரு நாளு. கொஞ்சம் கேஸு. நீங்க என்னை நாலு வார்த்த திட்டுவீங்க.”

“நாப்பது திட்டுவேன்.”

“சரி, நாப்பது. நான் அணைக்காம, மிச்சம் இருபது வந்துடுச்சின்னா? ஆறு வூட்டு விளக்கும் குப்பைக்குப் போவும். எண்பது பெரிசா இருபது பெரிசான்னு மட்டும் பாத்தா எப்பிடி? எதுலேர்ந்து எழுந்து வரலாம், எதுலேர்ந்து வர முடியாதுன்னும் பாக்கணும்ல?”

“இதெல்லாம் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்லண்ணே. நீங்க கெடுத்த ரெண்டு லோடு சொல்லிக் குடுத்துச்சி.”

அன்புக்கரசி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொளஞ்சி நேராகப் போய் கேஸ் வால்வுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“என்னைத் தாண்டித்தான் அணைக்கணும்.”

மீட்டர் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து.

துர்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அவர் முன்னால் நீட்டினாள்.

“புடிங்க. இப்பவே வாங்கிக்கினு நீங்களே ஓட்டுங்க. கரண்ட் போனா ஆறு வூட்டுக்கும் நீங்க பதில் சொல்லுங்க. சரியா?”

கொளஞ்சி சாவியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்தார். கை நீளவில்லை.

“அப்ப நகருங்க.”

நகர்ந்தார். துர்கா வால்வைத் திருகினாள். உறுமல் ஓய்ந்தது. குளிர்ந்த காற்று உள்ளே ஏறாதபடி புகைப்போக்கி அடைப்பையும் மூடினாள்.

*

அன்று மாலை வரை காற்று வரவில்லை.

பேட்டை டீக்கடையில் கொளஞ்சி கச்சேரியே வைத்தார். “காத்து எங்கப்பா? என் மீசையில ஒரு மயிருகூட ஆடலியே! படிச்ச பொண்ணு, வானத்த வாசிக்குது!” ஒவ்வொரு சிரிப்பும் ஷெட் வரை கேட்டது.

சிரிப்பது போதாதென்று ஆறு யூனிட்காரர்களில் இரண்டு பேர் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அன்புக்கரசியே கேட்டுவிட்டாள். “அவசரப்பட்டுட்டியாடி?”

“எனக்கு அப்ப தெரிஞ்சத வச்சி முடிவு எடுத்தேன். இப்ப வானம் சும்மா கெடக்குதுன்னு அது தப்பாயிடாதுக்கா.”

சொல்லிவிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு நேரே போனை எடுத்தாள். ஒரு நாள் கிடைத்திருக்கிறது. அதை உட்கார்ந்து கவலைப்பட்டுச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை.

“மாமா, டிராக்டர் எங்க கெடக்குது?”

கம்மாபுரத்திலிருந்து அவள் அக்காள் புருஷன் தங்கதுரையின் குரல் வந்தது. “எங்க கெடக்கும்? வாசல்லதான். நெலம் நெலக்கரிச் சுரங்கத்துக்குப் போனதுலேர்ந்து அதுக்கு உழவா ஒண்ணா? கல்யாணத்துக்கு லைட்டு எரிய வைக்கறதுதான் வேல.”

“அந்த ஜெனரேட்டரையும் மாட்டிக்கினு கெளம்பி வாங்க.”

“யாருக்குக் கல்யாணம்?”

“சூளைக்கு.”

இருட்டுவதற்குள் டிராக்டர் பேட்டைக்குள் நுழைந்தது. பின்னால் டிராக்டர் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஜெனரேட்டர். கனத்த ஒயரை இழுத்துப் புளோயரில் கொடுத்தார்கள். தங்கதுரை ஆக்சிலரேட்டரை ஏற்றினார். புளோயர் சுற்றியது. துர்கா குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தாள்.

காற்று பேருக்குத்தான் வந்தது.

“என்னாச்சி?” தங்கதுரை கத்தினார்.

“ரிவர்ஸ்ல சுத்துது மாமா!”

வேடிக்கை பார்க்க வந்திருந்த கொளஞ்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? “கம்மாபுரத்துக் கரண்டு பின்னாடி நடக்குதுடோய்!”

துர்காவின் முகமோ பரீட்சையில் பாஸான முகம் மாதிரி இருந்தது. “நல்லவேள! நாளைக்கு நடுச்சூட்டுல இது தெரிஞ்சிருந்தா?”

இரண்டு ஒயரை இடம் மாற்றிக் கொடுத்ததும் புளோயர் நேராகச் சுற்றியது. கையைத் தள்ளிக்கொண்டு காற்று அடித்தது. கொளஞ்சி சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

*

விடிந்தபோது வானம் கறுத்திருந்தது. கடலிலேயே இரவெல்லாம் சோம்பிக் கிடந்த புயல் இப்போது கிளம்பிவிட்டது என்றது டிவி. மாலைக்குள் கரையைக் கடக்குமாம்.

ஆறு யூனிட்காரர்களும் சூளை வாசலில் கூடியிருந்தார்கள். துர்கா வந்தாள்.

“ஏத்தப் போறோம்.”

கொளஞ்சி தலையில் கை வைத்துக்கொண்டார். “நேத்து காத்தே இல்லாதப்ப அணைச்ச. இன்னிக்கிக் காத்து வர்றப்ப ஏத்துறேங்குற. யாராவது இந்தப் பொண்ண டாக்டருகிட்ட கூட்டிக்கினு போங்கப்பா!”

“நேத்து நம்மகிட்ட வேற வழி இல்ல, ஆனா ஒரு நாள் கையில இருந்துச்சி. இன்னிக்கி நாள் இல்ல. வழி இருக்குது, அதோ நிக்குது.” டிராக்டரைக் காட்டினாள். “நேத்தியும் இன்னிக்கும் வானம் மட்டுமா மாறியிருக்குது?”

“அணைச்ச கை ஏத்தக் கூடாது. அது தெரியுமா?”

எல்லார் கண்ணும் துர்காவின் கைமேல்.

அன்புக்கரசி முன்னால் வந்தாள். புதிய களிமண் பிள்ளையாரைப் பிடித்து, மஞ்சள் தடவி, பழையவர் பக்கத்தில் உட்கார வைத்தாள். லைட்டரை வாங்கிக்கொண்டாள்.

“கை என்னுது. முடிவு அவளுது. இதுல யாருக்காவது கேள்வி இருக்கா?”

இருந்தாலும் யாரும் கேட்கவில்லை. பர்னர்கள் ஒவ்வொன்றாக நீலமாகப் பூத்தன.

துர்கா சாக்பீஸ் எடுத்து மீட்டருக்குப் பக்கத்துச் சுவரில் கிளேஸ் உருகத் தொடங்கும் சூட்டுக்குச் சற்று முன்னால், தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு நேராக ஒரு கோடு போட்டாள். “எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தக் கோடு வரைக்கும் டிராக்டரு ஒரு தடவ திணறுனாலும் அணைச்சிடுவேன். லாரியே இல்லன்னாலும் சரி. இந்தக் கோட்டத் தாண்டிட்டா அணைக்கிற பேச்சே இல்ல. அப்ப வந்து என் காதுல யாரும் ஓத வேணாம்.”

மதியத்துக்குள் முதல் மழை அடித்தது. தகரக் கூரை கொட்டு மேளம் போல அதிர்ந்தது. மீட்டர் ஏறியது. எழுநூறு. எண்ணூறு. தொள்ளாயிரம். கரண்ட் இன்னும் இருந்தது.

துர்கா கம்பியை விட்டு வளையம் எடுத்தாள். மாவு.

“மாமா, டிராக்டர ஸ்டார்ட் பண்ணுங்க. புளோயர உங்களுக்கு மாத்தப் போறேன்.”

“கரண்டு நல்லாத்தானம்மா இருக்குது?” கொளஞ்சியால் பொறுக்க முடியவில்லை. “போனப்புறம் மாத்திக்கிறது! டீசல ஏன் வீணா எரிக்கிற?”

“மாத்துறப்பதான் கோளாறு வரும் அண்ணே. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தா அணைச்சிட்டு வூட்டுக்குப் போவலாம். அந்தப் பக்கம் வந்தா எங்க போறது?”

கொளஞ்சி மீசையை நீவிக்கொண்டு விலகி நின்றார்.

மாற்றினார்கள். பர்னர் ஒரு கணம் அணைந்தது. அன்புக்கரசி மறுபடி பற்ற வைத்தாள். டிராக்டரின் டபடப ஓசைக்குள் புளோயரின் இரைச்சல் சீராகக் கலந்தது. துர்கா காத்திருந்தாள். ஒரு திணறல்? ஒரு இருமல்? இல்லை.

மீட்டர் சாக்பீஸ் கோட்டைத் தாண்டியது.

இனி திரும்ப முடியாது.

*

காற்று பேட்டைக்குள் நுழைந்தது ஒரு லாரி நுழைவதுபோல் இருந்தது. எங்கோ ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. வேப்பமரம் ஒன்று முறிந்து ரோட்டில் விழுந்தது. துர்கா அடுத்த வளையத்தை இழுத்தாள். விளிம்பில் லேசாக மினுமினுப்பு. உருகத் தொடங்கிவிட்டது.

சரியாக அப்போது பேட்டை முழுக்க விளக்குகள் அணைந்தன.

எதிர் யூனிட்டின் மோட்டார் ஓய்ந்தது. டீக்கடை மிக்சி ஓய்ந்தது. ஷெட்டுக்குள் எல்லாரும் சூளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சூளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அதே உறுமல். அதே நீலச் சுடர்.

“ஆத்தாடி!” என்றாள் அன்புக்கரசி. யாரோ கை தட்டத் தொடங்கினார்கள்.

“கையத் தட்டாதீங்க, இன்னும் பாதி இருக்குது!” துர்கா சொல்லி முடிப்பதற்குள் வெளியே தங்கதுரையின் அலறல்.

“பாப்பா! தார்ப்பாயி பூடுச்சி!”

ஓடினார்கள். ஜெனரேட்டருக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் பறந்துகொண்டிருந்தது. சாய்ந்து அடித்த மழை ஜெனரேட்டரை நோக்கி வந்தது. உள்ளே தண்ணீர் இறங்கினால் நொடியில் முடிந்தது. தங்கதுரை சட்டையைக் கழற்றி மூடப் பார்த்தார். போதவில்லை.

“வழி வுடுங்க!”

கொளஞ்சி. தோளில் ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர். அவர் பேத்தியின் காதணி விழாவுக்கு வைத்தது. அதில் பேத்தி ஒரு மூலையில் சிறியதாகவும், கூலிங் கிளாஸ் போட்ட கொளஞ்சி நடுவில் ஆளுயரத்துக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையை டிராக்டர் மட்கார்டில் கட்டி, மறுமுனையைத் தலைக்கு மேல் இரு கையாலும் பிடித்துக்கொண்டு மழைக்கு முதுகு காட்டி நின்றார்.

“என்னா பாக்குற? உள்ள போயி சூளையப் பாரும்மா!”

துர்கா உள்ளே ஓடினாள்.

ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூற்று ஐம்பது. காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. வெளியே டிராக்டரின் சத்தம் ஒருமுறை தாழ்ந்தது. துர்காவின் விரல்கள் கம்பியில் இறுகின. சத்தம் மறுபடி ஏறியது. அன்புக்கரசி இரண்டு பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துர்கா கம்பியை விட்டாள். வளையத்தை இழுத்தாள். தண்ணீரில் முக்கிக் கையில் எடுத்தாள்.

அவளுடைய முகமே அதில் தெரிந்தது. கொப்புளம் இல்லை. புள்ளி இல்லை. தெளிந்த கண்ணாடி.

“முடிஞ்சிது.” வளையத்தை அன்புக்கரசியிடம் நீட்டினாள். “அக்கா, முடிஞ்சிது!”

வால்வை அவளே திருகினாள். இந்த முறை யாரும் குறுக்கே நிற்கவில்லை.

*

விடிகாலையில் மழை விட்டிருந்தது. முறிந்து கிடந்த வேப்பமரத்தை வெட்டி ஒதுக்கி லாரிக்கு வழி செய்திருந்தார்கள். சூளைக் கதவைச் சுற்றி மொத்தப் பேட்டையும் நின்றது.

கதவு திறந்தது. வெதுவெதுப்பான மூச்சு ஒன்று முகத்தில் அடித்தது.

தட்டுத் தட்டாக, வரிசை வரிசையாக, மஞ்சளும் பச்சையும் அரக்கும். ஒவ்வொரு அகலின் வயிற்றிலும் ஒரு சொட்டு விடியல் வெளிச்சம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தங்கதுரை முதல் விளக்கை எடுத்து டிராக்டர் பானெட்டில் வைத்தார். “எனக்கு இதான் கூலி. உங்க அக்கா கேப்பா.”

கொளஞ்சி ஒரு விளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுண்டினார். ணங்கென்றது. தலை இன்னும் ஈரம் காயவில்லை. இரண்டு முறை தும்மினார்.

“நல்லாத்தான் வந்துருக்குது” என்றார். “ஆனா ஒண்ணு. இன்னிக்கி சாமி காப்பாத்துச்சி, சரி. முந்தாநாளு அணைச்சது தண்டம்தான? காத்துதான் வரலியே.”

“காத்து வராதுன்னு முந்தாநாளே தெரிஞ்சிருந்தா, நான் நீட்டுன சாவிய ஏன் வாங்கலண்ணே?”

கொளஞ்சி விளக்கைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“சரி சரி, லாரி நிக்குது. ஏத்துங்கடா!” என்று எல்லாரையும் விரட்டத் தொடங்கினார்.

ஆறு யூனிட் பெட்டிகளும் ஏறின. லாரி உறுமிக்கொண்டு வெளியேறியது. சங்கத்தில் யாரும் தனியாகக் கூட்டம் போடவில்லை. சாவி துர்காவின் இடுப்பிலேயே இருந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

புது கேஸ் வந்த மறுநாள் அடுத்த லோடு ஏற்றத் துர்கா ஷெட்டைத் திறந்தபோது மீட்டர் பக்கத்தில் பெயிண்ட் வாசனை. சாக்பீஸ் கோடு இருந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டில் தடித்த கோடு. கோட்டுக்குக் கீழே, கொளஞ்சியின் கோணல் கையெழுத்தில்:

‘இதுவரை அணைக்கலாம். எந்தக் கை அணைத்தாலும் அந்தக் கையே மறுபடி ஏற்றலாம். இப்படிக்கு, சங்கம்.’

துர்கா சிரித்துக்கொண்டே பிள்ளையார் பிடிக்கக் களிமண் எடுத்தாள். லைட்டரையும் அவளே எடுத்துக்கொண்டாள்.